கொட்டப்பட்டு நாட்குறிப்பு: முதலில் பிறந்த தேதி

அக்டோபர் 24, 2025

இங்கே திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் அகதி முகாமில் குடியுரிமை மனு எழுத வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது பிறந்த தேதியும் ஊரும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் இலங்கையர் ஆனாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இது. 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கு மண்டபம் முகாமில் அந்த நாட்களில் பிறந்த பிள்ளைகள் குடியுரிமை மனுவே போடக் கூடாது. போட்டால், ‘நான் வெளிநாட்டான்’ என்று தாமே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். அவர்கள் கேட்க வேண்டியது பாஸ்போர்ட். மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

அக்டோபர் 27

பிறப்புச் சான்றை இங்கே திருச்சியில் தேடி அலைய வேண்டாம். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. மண்டபம் என்றால் ராமநாதபுரம் மாவட்டம். பழைய ஏட்டில் பெயர்க் கட்டம் காலியாக, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் ‘இராசையா’, இன்னொன்றில் ‘ராஜய்யா’. முகாம் அட்டையில் குடும்பத்தோடு சேர்த்துப் பிள்ளைக்கும் பிறந்த நாடு ‘இலங்கை’ என்று எழுதியிருப்பார்கள். போலீஸ் விசாரணையில் மாட்டுவது இந்த ஒற்றை வார்த்தைதான். முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். பதிவே இல்லையென்றால், ‘பதிவு இல்லை’ என்ற சான்றை வாங்கிக்கொண்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 28

நேற்றுச் சொல்ல விட்டது. பெரியவரான பின் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் 9ஆம் பிரிவு குறுக்கே வரும்: தானாக வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவரின் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதை மறைக்காமல் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நவம்பர் 3

அம்மா தஞ்சாவூர்க்காரர், அப்பா படகில் வந்தவர். 2003இல் பிறந்த அக்கா குடிமகள். 2006இல் பிறந்த தம்பி இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கவும் கூடாது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளை ஒரு தேதி இப்படிப் பிரித்துவைத்திருப்பது பெரும் அநியாயம். அக்காவின் காகிதங்களையாவது இப்போதே முடித்துவிடுங்கள்.

நவம்பர் 5

படகில் வந்த பெரியவர்களுக்கு வழியை அடைப்பதும் அதே ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்தான். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவரும், விசா முடிந்தும் தங்கியவரும் அதில் அடக்கம். இந்தியரை மணந்தவர், 7 ஆண்டு இங்கே தங்கியிருந்தால் 5ஆம் பிரிவில் பதியலாம். 12 ஆண்டு தங்கியவர் 6ஆம் பிரிவில் கேட்கலாம். மொழித் தகுதிக்குத் தமிழே போதும். ஆனால் இரண்டு வாசலிலும் அந்தச் சொல் நிற்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட விலக்கு ஆணையைக் குடியுரிமை என்று நினைக்க வேண்டாம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து அது காக்கிறது, அவ்வளவே. அதற்கும் பதிவைக் காட்டும் தாள் வேண்டும். அடைமழைக் காலம், அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள், நகல் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.