அலுமாரியில் ஒரு படம்

"குற்றம் செஞ்சவன்தான் கோட்டுக்கு வரக்குள்ள முகத்தை மூடிட்டு வாறான். நாங்க என்னத்துக்கு மிஸ் மூடணும்?"

பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கியிருக்கும் எங்கள் இல்லத்தில், கெமரா வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். இதற்கு நான் சட்டத்தைப் பதிலாகச் சொன்னேன். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் உரிய அனுமதி இல்லாமல் வெளியிடுவது, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நம் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். பதில் சரிதான். ஆனால் அவள் எங்கும் வெளியிடச் சொல்லவில்லை. தன் முகத்தைத் தானே ஒரு படம் எடுக்கலாமா என்றுதான் கேட்டிருந்தாள். (அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

கெமரா வகுப்பில் முகம் கூடாது. மதில், பாடசாலை பட்ஜ், வாவியும் பாலமும் தெரியும் பக்கம், எதுவும் கூடாது. மட்டக்களப்பில் ஒரு தென்னையையும் ஒரு மதகையும் காட்டினால் போதும், எந்த ஒழுங்கை என்று சொல்லிவிடுவார்கள். மிச்சம் கை, கால், நிழல், கொடியில் காயும் உடுப்பு. பிள்ளைகள் அதை வைத்தே அசத்தினார்கள். ஒருத்தி கதவுக் கொளுக்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தாள். பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் என்று ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்த பிள்ளைகள் இவர்கள். இதை ஏன் எடுத்தாய் என்று நாம் கேட்காமல் இருந்தாலே போதும், சிலர் தாங்களாகக் கதைப்பார்கள். சிலர் கதைக்கவே மாட்டார்கள், அதுவும் பரவாயில்லை.

படம் எடுக்க வைத்துக் கதைக்க இடம் கொடுக்கும் இந்த வழிமுறை 1990களில் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களிடம் கெமராவைக் கொடுத்துத் தொடங்கியது. அவர்கள் எடுத்த படங்களை அதிகாரத்தில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்பது அதில் பாதி நோக்கம். அந்தப் பாதியை நாங்கள் வெட்டிவிட்டோம். வெட்டாமல் முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வரவே வருடங்கள் போய்விடும். அதற்குள் ஒரு படம் யாருடைய ஃபோனுக்காவது போனால் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் யாரும் பார்க்க முடியாத படத்தால் என்ன ஆறும் என்று அவள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்ல வேளை, கேட்கவில்லை.

கடைசியில் எடுக்க விட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, சிரிக்காமல், நேராகப் பார்த்து எடுத்தாள். கடைக்குக் கொடுக்க முடியாது, அலுவலக பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்தேன். கார்டிலிருந்து அழித்தேன். உறையில் போட்டு ஒட்டி, வீட்டுக்குப் போகும்போது தருவேன் என்று சொல்லி, அவள் பார்க்க அவளுடைய ஃபைலுக்குள் வைத்தேன்.

"அப்ப என்ட முகமும் கேஸோடதான் இருக்கப் போகுதா மிஸ்?"

பூட்டுள்ள அலுமாரி அது ஒன்றுதான். அவளுடைய பெட்டியில் வைத்தால் மற்றப் பிள்ளைகள் எடுப்பார்கள் என்று மேற்பார்வையாளர் அக்கா சொன்னார், அதுவும் நியாயம். பிறகு உறையை ஃபைலில் இருந்து எடுத்து மேல் தட்டில் தனியாக வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையாட்டினாள். வந்த நாளிலிருந்து பெரியவர்கள் எது சொன்னாலும் அப்படித்தான் தலையாட்டுகிறாள். அதை வைத்து நான் எதையும் தீர்மானிக்க முடியவில்லை.