நிரம்பவே நிரம்பாத பென் டிரைவ்

எங்கள் கணக்குப் பிரிவு அக்காவின் மேசைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் உண்டு. கால் வைத்துக்கொள்ள வசதியான உயரம். கணினி, திரை, மேசை விளக்கு, யார் யாருடையதோ செல்போன் சார்ஜர்கள், கூடவே லேசர் பிரிண்டர் என்று சகலமும் அதில்தான் மாட்டியிருக்கும். பின்பக்கம் ஒரு துளை காலியாகத் தெரிந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. "யூபிஎஸ்ல மாட்டிட்டா பத்திரம்" என்பது அலுவலகத்தின் பொது நம்பிக்கை. பிரிண்டருக்கு எதற்குப் பத்திரம், அது என்ன கணக்கா எழுதுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் மின்சாரம் போனது. யூபிஎஸ் பீப் பீப் என்று கூவ ஆரம்பித்தது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"பேட்டரி தீர்றதுக்குள்ள சம்பளப் பட்டியலை எடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே பிரிண்ட் கொடுத்தார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிரிண்டர் ஒருமுறை முனகியது. யூபிஎஸ் நீளமாக ஒரு 'கீ...' போட்டது. அவ்வளவுதான், மேசை மொத்தமும் இருட்டு.

லேசர் பிரிண்டருக்குள் மைப்பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் உருளை ஒன்று இருக்கிறது. அது சூடேறும் அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். அக்காவின் காலடியில் இருந்ததோ 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பெட்டி. அந்த 600 முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும். உண்மையில் தாங்கக்கூடியது 360 வாட் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள், அங்கேதான் சார்ஜர்கள் தொங்குகின்றனவே.

"இத்தனை நாள் நல்லாத்தானே ஓடிச்சு?" என்றார் அக்கா.

ஓடும். மின்சாரம் இருக்கும்வரை இந்த வகை யூபிஎஸ், சுவரிலிருந்து வருவதைப் பெரும்பாலும் அப்படியே கடத்திவிடுகிறது. சுமை அதன் பேட்டரி மேல் ஏறுவது மின்சாரம் போன பிறகுதான். அதாவது, தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று தெரியவருவதே எது நடக்கக் கூடாதென்று யூபிஎஸ் வாங்கினோமோ அது நடக்கிற நேரத்தில்தான்.

மின்சாரம் வந்தது. விண்டோஸ் எழுந்து நின்றது. கணக்குக் கோப்பு இருந்தது. பெயர் இருந்தது, தேதி இருந்தது, அளவுகூட இருந்தது. திறக்கத்தான் மாட்டேன் என்றது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, எதை மாற்றப்போகிறோம் என்று முதலில் குறிப்பு எழுதிவிட்டுத்தான் கை வைக்கும். அதனால் நடுவில் மின்சாரம் போனாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் குலைவதில்லை. கோப்புக்கு உள்ளே நாம் பாதியில் விட்டது என்ன ஆனது என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

மேலாளர் முகம் வெளுத்தது. அக்கா சிரித்தார். "பயப்படாதீங்க சார். வாரா வாரம் பேக்கப் எடுக்கறேன்." இழுப்பறையைத் திறந்து, உறைக்குள் உறை போட்ட ஒரு பென் டிரைவை எடுத்தார். "வெறும் 8 ஜிபிதான். எத்தனை வருஷமா போடறேன், நிரம்பவே மாட்டேங்குது. ராசியான பென் டிரைவ்."

எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

திறந்தோம். வரிசை வரிசையாகக் கோப்புகள். ஒவ்வொன்றின் கீழ்மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. அக்கா இத்தனை காலமும் டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டுகளைத்தான் கர்மசிரத்தையாக நகலெடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபி. எல்லாம் சேர்ந்து ஒரு செல்போன் புகைப்படத்தின் அளவுகூட வராது, எப்படி நிரம்பும்?

அக்கா சோதித்துப் பார்க்காதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வாரமும் பென் டிரைவிலிருந்தே கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். திறந்திருக்கிறது. அதே கணினியில் திறந்தால் ஷார்ட்கட் அசல் கோப்பிடம்தானே கூட்டிக்கொண்டு போகும்! வேறொரு கணினியில் ஒரே ஒரு முறை செருகியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அக்காவைத் தேற்ற நான், மென்பொருள்காரர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பின் கதையைச் சொன்னேன். 2017 ஜனவரி 31 அன்று அந்த நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அழிப்பை நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அவர்களிடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கைப்பட எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "நம்மளத நேரலை பண்ணிடாதீங்க" என்றார்.

எங்களுக்கும் ஒரு நகல் கிடைத்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில். பயிற்சிக்கு வந்திருந்த தம்பி மெல்லக் கையைத் தூக்கினான். வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று கணக்குக் கோப்பைச் சில நாள் முன்பு தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டானாம். அலுவலகத் தரவை யாரையும் கேட்காமல் வெளியே கொண்டுபோனதற்குத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று மேலாளருக்குப் புரியவில்லை. இரண்டையும் ஒத்திப்போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார்.

கோப்பு திறந்தது. சம்பளப் பட்டியலும் வந்தது. தம்பி பழகிப் பார்த்தது முழுக்க சம்பளப் பட்டியலில்தான் போலிருக்கிறது. அதில் அவனுடைய சம்பளம் மேலாளரைவிட அதிகம்.

"சும்மா எப்படி இருக்கும்னு பாத்தேன் சார்."

அதைச் சரிசெய்து, விடுபட்ட நாட்களின் ரசீதுகளைத் தேடியெடுத்து மறுபடி பதிந்து முடிப்பதற்குள் அடுத்த மாதமே பிறந்துவிட்டது.

பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். யூபிஎஸ்ஸைத் திறந்து காட்டினார். பேட்டரி வயிறு உப்பிப் போயிருந்தது. இந்த ஈய அமில பேட்டரிகளின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்; சூடான இடத்தில் இன்னும் குறையும். மின்சாரம் இருக்கும்போது பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து நலம் என்று நினைப்பதில் அர்த்தமில்லை என்றார். பெட்டியோடு வந்த யூஎஸ்பி கேபிள் எங்கே என்று கேட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. பேட்டரி தீரப்போகிறது என்பதைக் கணினிக்குச் சொல்லி, ஆள் இல்லாவிட்டாலும் ஒழுங்காக அணையவைப்பது அந்தக் கேபிள்தான். நாங்கள் அது எதற்கென்று தெரியாமல், தூக்கிப்போட மனசும் வராமல், வைத்திருந்தோம்.

நகல் மூன்று, சாதனம் இரண்டு வகை, நகல்களில் ஒன்று வேறு இடத்தில் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் மேகச் சேமிப்பில் (கிளவுடில்) போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று கேட்டார். வெறும் ஒத்திசைவாக இருந்தால் இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரும். பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் இன்ஜினியர். பிரிண்டர் அன்றே சுவருக்கு இடம் மாறியது. அக்கா இப்போது யார் எந்தக் கோப்பு அனுப்பினாலும் முதலில் அளவைத்தான் பார்க்கிறார்.

இந்த ஞானத்தோடு வீட்டுக்கும் ஒரு யூபிஎஸ் வாங்கிப் போனேன்.

"எத்தனை மணி நேரம் வரும்?" என்றார் அப்பா.

"மணி நேரமெல்லாம் இல்லப்பா. பத்து நிமிஷம் வரும்."

"பத்து நிமிஷத்துல என்ன வேலை பாக்க முடியும்?"

"வேலை பாக்கறதுக்கு இல்லப்பா. சேவ் பண்ணிட்டு அணைக்கறதுக்கு."

"அணைக்கறதுக்கா காசு கொடுத்து வாங்கினே? கரண்ட் போனா தானா அணையப்போகுது!"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஃபேனை மாட்டலாமா என்று யோசிப்பதற்குள் கணினியையும் வைஃபை ரவுட்டரையும் மாட்டி, கேபிளைச் செருகி, தானாக அணையும்படி அமைத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து நான் அலுவலகத்தில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து போன். மின்சாரம் போயிருக்கிறது. ரவுட்டர் இழுப்பது கொஞ்சம்தான் என்பதால் வைஃபை பாட்டுக்கு ஓடுகிறது. ஆனால் கணினி?

"நான் தொடவே இல்ல. படம் பாத்துக்கிட்டே இருந்தேன், அதுவா அணைஞ்சு போச்சு. நல்லா ஏமாத்திட்டாங்க உன்னை."

"அப்பா, அது அப்படித்தான் அணையணும்..."

"நீ டென்ஷன் ஆகாதே. நான் பாத்துட்டேன். ஏதோ ஒரு ஒயர் தேவையில்லாம கம்ப்யூட்டர்லேர்ந்து யூபிஎஸ்ஸுக்குப் போய்க்கிட்டிருந்தது. அதான் பிரச்சனை. பிடுங்கிட்டேன். இனிமே அணையாது."