கணுக்களில் நிற்கும் செல்கள்

பிளஸ் ஒன் 'அலைகள்' பாடத்தில் நிலை அலைகள், அதாவது முன்னேறாமல் ஓரிடத்திலேயே நின்று அதிரும் அலைகள், வரும் பகுதியை இரண்டு கணக்குப் போட்டு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. உயிருள்ள செல்களைக் கைபடாமல் வரிசையில் நிறுத்தும் வித்தைக்கு அடிப்படை அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் வகுப்புக்கு வருபவர்களில் பலர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்குச் சூத்திரத்துக்கு முன்னால் குண்ட் குழாயைக் காட்டிவிடுவேன். கண்ணாடிக் குழாய்க்குள் தக்கைத் தூள்; குழாயின் வாயில் ஒரு முனை நுழைந்திருக்க, தன் நடுவில் இறுக்கப்பட்ட பித்தளைக் கம்பி. ரோசின் என்ற மரப்பிசின் தடவிய துணியால் கம்பியை அழுத்தி இழுத்தால் காது கூசுகிற கிறீச்சொலி எழும். குழாயின் நீளம் சரியாக அமையாதவரை தூள் சும்மா சிலிர்க்கும். அமைந்த நொடியில் சம இடைவெளியில் சிறு குவியல்களாகப் படிந்துவிடும். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் எழுந்து வந்து குனிந்து பார்ப்பார்கள். ஆகஸ்ட் குண்ட் 1866-இல் செய்து காட்டியது இது.

செல்களை நிறுத்துவதும் இதே வழியில்தான்: காற்றுக்குப் பதில் தண்ணீர், கம்பிக்குப் பதில் மின்சாரத்தால் அதிரும் படிகம். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர்; 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலி (காதுக்குக் கேட்காத அளவு வேகமாக அதிரும் ஒலி) என்றால் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர். அதில் பாதி, 0.375 மில்லிமீட்டர் இடைவெளியில் செல்கள் தளம் தளமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குழாயில் தூள் குவிவது காற்று அசையாத இடத்தில். செல்கள் சேர்வதோ அழுத்தம் மாறாத கணுவில், அதாவது நீர் மிக அதிகமாக அசையும் இடத்தில். நீரைவிட அடர்த்தி கூடிய, எளிதில் அமுங்காத துகள்களை ஒலி அங்கேதான் தள்ளுகிறது. பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகள் நேர் எதிர்ப்பக்கம் போகும். மாட்டுக் கொட்டகையில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒலியை நிறுத்தினால் வரிசை கலைந்துவிடும். அதனால் செல்களைக் கொலாஜன் என்ற புரதத்தின் கரைசலில் கலந்து, ஒலி பாயும்போதே அதை உறைய விடுகிறார்கள். உறைந்தபின் ஒலி தேவையில்லை. நின்ற இடத்திலேயே செல்கள் நிற்கும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களை இப்படிப் பட்டை பட்டையாக நிறுத்தினார்கள். அவற்றிலிருந்து ரத்தக் குழாய் போன்ற வலைப்பின்னல் முளைத்தது. ஆய்வகத்தில் தடிமனான திசு வளர்ப்பதற்கு ரத்தக் குழாய் இல்லாததுதான் பெரிய முட்டுக்கட்டை. ரத்தக் குழாய் இல்லாத திசுவில் சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் போதுமான அளவு எட்டுவதில்லை.

"செல் செத்துப்போகாதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்கவேண்டிய கேள்வி. ஒலியின் வலிமை கூடினால் சூடு ஏறும், நீரில் குமிழிகள் வெடித்துச் செல்லைக் கிழிக்கும். அளவோடு வைத்தால் செல்கள் பிழைத்துப் பெருகுகின்றன. கோழிக்கருவின் ரத்தக் குழாயில் மீயொலி பட்டு ரத்தச் செல்கள் பட்டைகளாக நின்றுவிட்டதை 1971-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அன்று அது ஓர் எச்சரிக்கை.

பட்டப்படிப்புக்குப் போகிறவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் மீயொலிக் குறுக்கீட்டுமானி, அதாவது திரவத்தில் மீயொலியின் அலைநீளத்தை அளக்கும் கருவி, இருக்கும். பெரும்பாலும் 2 மெகாஹெர்ட்ஸ்தான். நீரை ஊற்றி, ஒலியை எதிரொலிக்கும் தகட்டை நகர்த்தும் திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு 0.375 மில்லிமீட்டருக்கும் முள் ஒருமுறை உச்சம் தொடும். அந்த அளவை ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது, பக்கத்தில் செல்களையும் வரைந்துவிடுங்கள்.