முகம் இல்லாமலும் கிளிப் தெரியும்

நான் பின்னுகிற குரோஷா பூ கிளிப், ஹேர் பேண்ட், பாசிமணி மாலை எல்லாவற்றையும் படத்துக்காகப் போட்டுக் காட்டுவது என் அண்ணன் மகள். ஐந்து வயது. படம் எடுப்பது வீட்டுக் கூடத்தில், ஜன்னல் பக்கத்தில்தான். "குழந்தையை எப்படி அவ்வளவு நேரம் உட்கார வைக்கிறீங்க?" என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். உட்கார வைப்பதே இல்லை. அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்ப்பாள், நான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"சிரி பாப்பா, இங்கே பாரு" என்று சொன்ன உடனே குழந்தையின் உடம்பே மாறிவிடும். பல் தெரியும், கண் சிரிக்காது. தோள் மேலே ஏறும், கழுத்து விறைக்கும், மாலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் கேமராவைப் பற்றிப் பேசவே மாட்டேன். கிரேயானும் தாளும் கொடுத்துத் தரையில் உட்காரச் சொல்வேன். வரையக் குனிந்தால் தலை தானாக என் பக்கம் சாயும். வகிடும் கிளிப்பும் நேராகத் தெரியும். மாலைக்கு இது சரிப்படாது, குனிந்தால் மணியெல்லாம் முன்னால் தொங்கிவிடும். மாலை போட்டிருக்கும்போது சுவரில் உயரமாக ஒரு தாளை ஒட்டி, நின்றுகொண்டு வரையச் சொல்வேன். கை மேலே போகும், முதுகு நிமிரும், மணிகள் கழுத்தோடு ஒட்டி வரிசையாக உட்காரும்.

இப்படி விளையாட விட்டு எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பொருள் எப்படி உழைக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அவளுக்கு முடி மெல்லிசு, வழுவழுவென்று இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று மூடுகிற வெறும் டிக்டாக் கிளிப்பில் பூவை ஒட்டி மாட்டினால், பூவின் கனத்துக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அடுத்தடுத்து எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்தால் நெற்றியோரம் இருந்த பூ காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கிளிப்பின் உள்பக்கம் ஃபெல்ட் துணியில் ஒரு சன்னமான பட்டை ஒட்டியபின் நின்ற இடத்தில் நிற்கிறது. மேஜையில் வைத்து எடுத்திருந்தால் இது எங்கே தெரியப்போகிறது?

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். நேர் வெயில் விழாத நேரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட வேண்டும். ஜன்னல் அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தால் நூலின் ஒவ்வொரு முறுக்கும் தனித்தனியாகத் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் விழுந்த கன்னத்திலும் கொஞ்சம் வெளிச்சம் படும். அறை விளக்கைக் கட்டாயம் அணைத்துவிடுவேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சந்தன நிற நூல் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் தெரியும், அதை அப்புறம் எந்த ஆப்பிலும் சரிசெய்ய முடியாது. நிறத்தைப் பார்த்துத்தானே ஒருவர் வாங்குகிறார், அதில் பிசகக்கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. சட்டையும் வெளிர் நிறத்தில், படம் எதுவும் இல்லாததாக இருக்க வேண்டும். அடர் சிவப்புச் சட்டை போட்டால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறிவிடும்.

கேமராவில் 50 எம்எம் லென்ஸ், ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல். கை ஆடாத குழந்தை எங்கே இருக்கிறது? அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/4 அளவில் வைக்கிறேன், எஃப்/1.8க்கு அகலத் திறந்தால் கிட்டத்தில் பூவின் முன்னிதழ் மட்டும் தெளிவாகி, பின்னிதழ் கரைந்துவிடும். போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடையும் பியூட்டி ஃபில்டரையும் அணைத்துவிடுங்கள். முதலாவது பறக்கிற முடியையும் நூல் ஓரத்தையும் வெட்டிவிடுகிறது, இரண்டாவது பின்னலையே வழித்துவிடுகிறது. கிட்டே போகாமல் இரண்டடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரியாது.

இப்போது முகத்துக்கு வருகிறேன். விற்பனைக்காக நான் போடும் படங்களில் அவள் முகம் இருக்காது. முதலில் சிலருக்கு அது குறையாகப் பட்டது. ஆனால் கிளிப்பை வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அது தலையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, முடியை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான். பின்னந்தலை, பக்கவாட்டில் காதும் கன்னத்தின் ஓரமும், வளையலுக்குக் கைகள், மாலைக்கு உதட்டுக்குக் கீழே கழுத்து. இவ்வளவும் கையில் இருக்கும்போது முகம் எதற்கு? எனக்குப் பிடித்த படம், ஹேர் பேண்டை அவளே இரண்டு கையாலும் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போது முதுகுப்பக்கம் எடுத்தது. விரல் நுனியில் பச்சை கிரேயான் ஒட்டியிருக்கும். பேண்ட் எவ்வளவு வளைகிறது, எலாஸ்டிக் எங்கே தொடங்குகிறது, எல்லாம் அந்த ஒரே படத்தில் இருக்கிறது.

என் பொருள் விற்க வேண்டும் என்பது என் தேவை. அதற்காக அவள் முகம் முன்பின் தெரியாத போன்களில் சுற்ற வேண்டியதில்லை. பெரியவளானபின் அவளே முடிவு செய்யட்டும். பள்ளிப் பேட்ஜ், சுவரில் மாட்டிய சான்றிதழ், ஜன்னலுக்கு வெளியே தெரியும் பெயர்ப்பலகை எதுவும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறேன். கேமரா ஆப்பில் இடம் பதியும் வசதியையும் அணைத்து வைத்திருக்கிறேன்; அது திறந்திருந்தால் எடுத்த இடம் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும்.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. கண்ணில் பட்டது எல்லாம் வாய்க்குள் போகும் பருவம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியதாகக் கணக்கு. என் மணிகள், பொத்தான்கள் எல்லாமே அதற்குள் அடங்கும். அதனால் அவன் தூங்கும்போதுதான் மாலைகளை வெளியே எடுப்பேன், முடிந்ததும் தரையைக் கையால் தடவிப் பார்ப்பேன். மாலையோடு அவளை ஓடவோ படுக்கவோ விடுவதில்லை, எங்காவது மாட்டி இழுத்தால் கழுத்துதான் மாட்டும்.

"போதும் அத்தை" என்று அவள் சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு படம் என்று கெஞ்சுவதில்லை. பாக்கி கிளிப்புகளை மேஜையில் வைத்து எடுத்துக்கொள்வேன். அப்புறம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாப் படத்தையும் காட்டுவேன். அவள் வேண்டாம் என்று சொல்கிற படத்தை அழித்துவிடுவேன். மீதி அண்ணிக்குப் போகும், அவர் சரி என்று சொன்னவை மட்டும் வெளியே வரும். போன வாரம் நான் ஆசையாக வைத்திருந்த ஒரு பக்கவாட்டுப் படத்தை அண்ணி வேண்டாம் என்றார், முகம் கண்ணாடியில் பாதி தெரிகிறதாம். பெரிதாக்கிப் பார்த்தேன், தெரிந்தது. அழித்துவிட்டேன்.