ஃபுல் ஆட்டோமேட்டிக் இன்குபேட்டரும் புரளாத முட்டைகளும்

கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் 'ஃபுல் ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் அதை நம்பி நல்ல முட்டைகளை நேராக உள்ளே அடுக்கிவிடாதீர்கள். வெப்பத்தை எல்லோரும் பார்க்கிறோம், ஈரப்பதத்தையும் பார்க்கிறோம். முட்டை புரளுகிறதா என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது, அது தன் வேலையைச் செய்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

வீட்டில் நாலைந்து சிறுவிடை நாட்டுக்கோழிகள், ஒரு சேவல். அடைக்கு உட்கார வேண்டிய பருவத்தில் ஒன்றுகூட உட்காரவில்லை, முட்டை மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அதனால் ஆன்லைனில் ஒரு சின்ன மெஷின் வாங்கினேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டைகளாகப் பொறுக்கி, கழுவாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல், 37.5 டிகிரியில் அடுக்கினேன். இதுவரை சிக்கல் இல்லை.

இந்த மாதிரி மெஷினில் தட்டு என்பது கட்டம் கட்டமான பிளாஸ்டிக் சட்டம்தான். ஓரத்து மோட்டாரின் கை அதை முன்னும் பின்னும் தள்ளும். கட்டத்துக்குள் படுத்திருக்கும் முட்டை தரையில் உருளும். 2 மணி நேரத்துக்கு ஒரு தள்ளு. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு வைக்கச் சொன்னது எங்கள் தெருவில் கோழி வளர்க்கும் ஓர் அண்ணன். "மெஷின்தான் திருப்புதே, எதுக்குண்ணே?" என்றேன். "போட்டு வை, காசா பணமா" என்றார். அந்தப் பென்சில் கோடுதான் காப்பாற்றியது. காலையில் பார்த்தால் பெருக்கல் குறி மேலே. மத்தியானமும் மேலே. இரவும் அதே.

காத்திருந்து கவனித்தேன். நேரம் வந்ததும் மோட்டார் உறுமியது, கை லேசாக நடுங்கியது, தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. முட்டைகளை எடுத்துவிட்டு வெறும் தட்டோடு ஓட்டினால் ஜோராக நகர்கிறது! அதாவது பாரம் ஏறினால் மோட்டாரின் கியர் பல் வழுக்குகிறது. எனவே சோதனையை வெறும் தட்டில் செய்யாதீர்கள். கடையில் விற்கும் பண்ணை முட்டையை நிரப்பி அரை நாள் ஓட்டிப் பாருங்கள். நாமக்கல் பண்ணை முட்டையில் குஞ்சு வராது, அந்தக் கோழிகளோடு சேவலே விடுவதில்லை. சோதனை முடிந்ததும் ஆம்லெட்டுக்கு ஆகும்.

புரட்டாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: கரு, மஞ்சள் கருவின் மேல்பக்கம் இருக்கும். மஞ்சள் கரு மெல்ல மேலே மிதந்து வரும். முட்டை அசையாமல் கிடந்தால் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும், அதோடு முடிந்தது. முதல் வாரம்தான் ரொம்ப முக்கியம். எனக்கு மோட்டார் மக்கர் செய்ததும் அதே முதல் வாரத்தில்தான்.

விற்றவர்களைக் கூப்பிட்டேன். "சார், அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?"

"இல்லைங்க. ஆனா மோட்டார் ஓடாத வீடியோ இருக்கு, அனுப்பவா?"

"அன்பாக்ஸிங் வீடியோ இல்லாம கம்ப்ளெயின்ட் எடுக்க முடியாது சார். டெக்னீஷியன் உங்கள கூப்பிடுவாரு."

டெக்னீஷியன் கூப்பிடவில்லை. மறுபடி அழைத்தால் வேறொருவர், மறுபடி முதலிலிருந்து கதை. மெஷினைத் திருப்பி அனுப்பலாமாம், ஆனால் உள்ளே முட்டை அடையில் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பக்கம் பதிலே இல்லை. எந்தப் பொருள் வந்தாலும் பெட்டியைப் பிரிப்பதைப் படம் எடுத்துவிடுங்கள், எரிச்சலாக இருந்தாலும் சரி.

அதுவரை கையால் புரட்டினேன். கையால் செய்பவர்கள் ஒற்றைப்படையில் செய்ய வேண்டும்: நாளுக்கு 3 அல்லது 5 முறை. இரவில்தான் முட்டை நீண்ட நேரம் ஒரே பக்கமாகக் கிடக்கும். ஒற்றைப்படை என்றால் ஒவ்வோர் இரவும் பக்கம் மாறிவிடும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாமல் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. கையைக் கழுவி, துடைத்துவிட்டுத் தொடுங்கள். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கோழி ராத்திரியெல்லாம் மூக்கால உருட்டி உருட்டி விடும். இந்தப் பொட்டி அதுகூடச் செய்யாதா? இதுக்கா இம்புட்டுக் காசு குடுத்த?"

கடைசியில் வழி காட்டியது மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர். மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, பிளாஸ்டிக் பல் தேய்ந்திருப்பதைக் காட்டினார். பழைய மைக்ரோவேவ் அவனில் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினார். நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுதான், ஆனால் இழுவை பலம். அது எந்தப் பக்கம் சுற்றும் என்று அதற்கே தெரியாது, ஆனால் தள்ளி இழுக்கும் வேலைக்கு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன! ஒரு எச்சரிக்கை: இந்த மோட்டார்களில் 21 வோல்ட்டும் உண்டு, 220 வோல்ட்டும் உண்டு. முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இணைத்தால் புகைந்துவிடும். மெஷினின் விலையோடு பார்த்தால் அவர் வாங்கிய கூலி ஒன்றுமே இல்லை.

அவரிடமே கிடைத்த இன்னொரு யோசனை: திரையில் காட்டும் டிகிரியைக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். 37.5 அதன் எல்லைக்குள்தான் வரும். என் மெஷின் காட்டியது உண்மையைவிடக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடுதல். அப்படியே விட்டிருந்தால் பொரிப்பு தள்ளிப்போயிருக்கும். சூடு குறைவதைவிட ஏறுவதுதான் ஆபத்து. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போனபோது மூடியைத் திறக்காமல் போர்வையைச் சுற்றி வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை.

7-ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பார்த்தேன். பலவற்றில் சிவப்பு நரம்புகள் நன்றாக ஓடியிருந்தன. சிலவற்றில் நரம்பே இல்லை, ஓட்டோடு ஒட்டிய ஓர் இரத்த வளையம் மட்டும், வளர்ந்து நின்றுபோனவை. கருவே கூடாத கூமுட்டை என்றால் தெளிவாக இருக்கும், இவை அப்படி இல்லை. அவற்றை அப்போதே எடுத்துவிட வேண்டும், உள்ளே விட்டால் நாறி வெடிக்கும்.

18-ஆம் நாள் தட்டை எடுத்துவிட்டுப் புரட்டுவதை நிறுத்தினேன். ஈரப்பதத்தை 65-70 சதவீதத்துக்கு ஏற்ற, நனைத்த ஸ்பாஞ்ச் ஒன்று. இதன்பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. வீட்டில் இதுதான் பெரிய போராட்டம். முதல் கீறல் விழுந்து, உள்ளிருந்து சத்தமும் கேட்க, "பாவம், கொஞ்சம் உடைச்சு விடேன்" என்று ஆளாளுக்கு நச்சரிப்பு. உடைக்கக் கூடாது. கீறலிலிருந்து வெளிவர ஒரு முழு நாள்கூட ஆகும். திறந்தால் ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். பொரித்த குஞ்சும் உடம்பு காயும்வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளாவது தாங்கும்.

பாதிக்கு மேல் பொரித்தன. பொரிக்காமல் நின்றவற்றைக் கொல்லையில் வைத்து உடைத்துப் பார்த்தேன். இரண்டில் குஞ்சு முழுதாக வளர்ந்து, தலை அகன்ற முனைக்குப் பதில் கூர்முனைப் பக்கம் இருந்தது. காற்றறை இருப்பது அகன்ற முனையில், மூக்கு அங்கே போய்ச் சேரவே இல்லை. சரியாகப் புரளாத முட்டைகளில் இப்படியும் நடக்கும். அந்தக் கம்பெனியின் மேல் கோபம் உச்சிக்கு ஏறியது அப்போதுதான்.

இப்போது குஞ்சுகள் பல்புக்கு அடியில், முதல் வாரத்துக்கு 35 டிகிரி அளவில். கூடி நெருக்கினால் குளிர், பல்பை விட்டு விலகி வாயைப் பிளந்தால் சூடு. 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. ஒரு சின்னக் குப்பியே நூறு குஞ்சுக்கு வரும், கலக்கிய மருந்தை மிச்சம் வைக்கவும் முடியாது. பென்சில் அண்ணனும் தன் குஞ்சுகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐஸ் வைத்து மருந்து வாங்கி வருவது என் பொறுப்பு.