பெரும்பாடு: எத்தனை நாள் பொறுக்கலாம்?

மாதவிடாய் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதற்குப் 'பெரும்பாடு' என்று பழைய பெயர் உண்டு. பெயரிலேயே பாடு இருக்கிறது. ஆனாலும் 'உடம்புச் சூடு', 'நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். படியேறினால் மூச்சு வாங்கும் அளவுக்கு இரத்தம் குறைந்த பிறகுதான் பலர் மருத்துவமனைக்கே வருகிறார்கள்.

முதலில் நாள் கணக்கைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணுவதுதான் பலர் செய்யும் தவறு. உதிரம் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ணுங்கள். 6 நாள் போய் நின்று, 18 நாள் கழித்து மறுபடி வந்தால் சுற்று 24 நாள், அது இயல்புதான். 24 முதல் 38 நாளுக்குள் வருவதும், 8 நாளுக்குள் நிற்பதும் சரி. 8 நாளைத் தாண்டினாலோ, இடையிடையே பட்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ காட்டிவிடுங்கள்.

அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கறை மட்டும் பட்ட நாப்கினுக்கு 1, ஓரளவு நனைந்ததற்கு 5, முழுக்க ஊறியதற்கு 20 என்று காலண்டரிலேயே குறித்து வாருங்கள். ஒரு மாதவிடாயில் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டினால் ஏறக்குறைய 80 மில்லிக்கு மேல் போகிறது, அதாவது அதிகம். துணி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் அன்றே போக வேண்டும். கூடவே தலை சுற்றல், படபடப்பு, மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நாள் தள்ளிப்போய், பிறகு கொஞ்சமாகப் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்றே' என்று இருந்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அரிது; தங்கினால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் குழந்தை பெறும் வயதில் யார் வந்தாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார்கள். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம் வயதுக்கு வயது மாறும். பெரியவளான முதல் இரண்டு மூன்று வருடம் கருமுட்டை ஒழுங்காக வெளிவராததால் மாதம் முன்பின் ஆகும். ஆனால் தொடக்கத்திலிருந்தே கொட்டுகிற பெண்ணுக்கு, மூக்கில் இரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்கச் சிரமப்பட்டதா என்று கேளுங்கள். இரத்தம் உறையாத குறை இருக்கலாம். பிறகு வரும் காரணங்கள்: தைராய்டு, பிசிஓஎஸ் (கருமுட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு), காப்பர் டி, இரத்தத்தை இளக்கும் மாத்திரை. முப்பதைத் தாண்டினால் ஃபைப்ராய்டு எனும் கருப்பைத் தசைக் கட்டி அதிகம். 45-க்கு மேல் ஒழுங்கற்ற போக்கு என்றால் கருப்பை உள்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது அவசியம். பருமனான உடலும் பிசிஓஎஸ்-ஸும் இருந்தால் அதற்கு முன்பேகூடத் தேவைப்படும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது.

உதிரத்தை நிறுத்தும் ஹார்மோன் மாத்திரையான நோரெதிஸ்டிரோனைக் கடையில் வாங்கிப் போடுவது இப்போது மிகச் சாதாரணம். அதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மறுபடி உதிரம் வரும். மருந்தின் இயல்பே அதுதான். அது தெரியாமல் 'மருந்து கேட்கவில்லை' என்று அடுத்த அட்டையை வாங்கிவிடுகிறார்கள், காரணம் உள்ளேயே கிடக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம் போக்கைக் குறைக்கும். ஆனால் கால் இரத்த நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்களுக்கு ஆகாது. கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஸ்கேனும் திசுச் சோதனையும் பார்த்தார்களா, மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோ பயன்படாதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இரத்தம் குறைந்ததற்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது அதனால்தான், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்திவிடாமல் இன்னும் 3 மாதம் தொடருங்கள். உடம்பின் இருப்பு நிரம்ப அவ்வளவு நாள் பிடிக்கும்.