மூன்று மைக்கும் அரை அடி தூரமும்

மேடை ஒலி வேலையில் இருந்தபோது, இரண்டு அக்காக்களும் ஒரு தம்பியும் சேர்ந்து பாடிய ஒரு குழுவுக்கு நான்கு வருடம் மிக்ஸரில் உட்கார்ந்தேன். முதல் நாள், மூவரும் சேர்ந்து பாடும் இடங்களில் பழக்கதோஷத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்தபடியே இருந்தேன். தேவையே படவில்லை. தம்பி மேல் ஸ்தாயிக்குப் போனால் சின்ன அக்கா மைக்கிலிருந்து அரை அடி விலகிக்கொள்வார். 'ஸ்' என்று முடியும் சொல்லை மூவரும் ஒன்றாக அறுப்பார்கள். வெளியாட்களைச் சேர்த்த கோரஸில் இதைக் கொண்டுவர நாட்கணக்கில் ஒத்திகை வேண்டும். அப்படியும் சிலருக்கு வராது, அது வேறு கதை.

ஒரே வீட்டில் பேசப் பழகியவர்களுக்கு வாய் திறக்கும் விதம் ஒன்று, தொண்டையின் வாகும் ஏறக்குறைய ஒன்று. அமெரிக்காவின் மில்ஸ் சகோதரர்களில் கீழ்ஸ்தாயி பாடி கிட்டாரும் வாசித்த மூத்தவர் 1936இல் இறந்துபோனார். கிட்டாருக்கு வெளியாளை வைத்துக்கொண்டார்கள். குரலுக்கு மட்டும் அப்பாவே வந்து நின்றார். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது.

மூன்றாம் வருடம் அவர்களுக்குள் ஏதோ மனக்கசப்பு. யாரும் என்னிடம் சொல்லவில்லை, பாடுகிறவர்களுக்கே பாட்டைத் திருப்பிக் கேட்கவைக்கும் மேடை ஸ்பீக்கரான மானிட்டர்தான் சொன்னது. "அண்ணா, என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று பெரிய அக்கா கேட்டார். அடுத்த நிகழ்ச்சியில் தம்பி கேட்டார். அப்புறம் ஆளுக்கொரு இயர்போன் வந்தது. அவரவர் காதில் அவரவர் குரலே பெரிதாக. கேட்டதையெல்லாம் நானும் கொடுத்தேன். அது என் தப்பு. அடுத்தவர் மூச்சு இழுப்பது காதில் விழாமல் ஒன்றாக எப்படித் தொடங்குவார்கள்? வெளியே சபைக்குப் போகும் சத்தத்தில் நான் ஈக்வலைசரைத் திருகினேன், ரிவெர்ப் போட்டேன். மூன்று நல்ல குரல்கள் கேட்டன, அவ்வளவுதான்.

ஒருநாள் சவுண்ட் செக் முடிந்ததும் சின்ன அக்கா மட்டும் மிக்ஸர் பக்கம் வந்தார். "எனக்கு என் குரல் வேண்டாம் அண்ணா. அவங்க ரெண்டு பேரையும் மட்டும் கொடுங்க." சரி என்று கொடுத்தேன். அன்று பாட்டு ஓரளவு பழையபடி ஒட்டியது. மற்ற இருவரும் கவனித்தார்களா என்று தெரியாது.

அடுத்த வருடம் பிரிந்துவிட்டார்கள். சண்டை எதுவும் மேடையில் நடக்கவில்லை என்பது ஒரு நிம்மதி. சேர்ந்து பாடிய அமெரிக்காவின் எவர்லி சகோதரர்கள் இருவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1973இல் அவர்களில் இளையவரான ஃபில் கிட்டாரை வீசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனார். மறுபடி சேர்ந்து பாட 1983 வரை, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் வரை ஆனது.

சில காலம் கழித்து சின்ன அக்கா தனியாகப் பாடிய ஒரு நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பழைய பாட்டு ஒன்று. தம்பி மேலே போகும் இடம் வந்தது. பாடிக்கொண்டே மைக்கிலிருந்து அரை அடி விலகினார். குரல் சட்டென்று இறங்கியது. நான் ஃபேடரை ஏற்றினேன்.